ஏரி பார்த்த வீடு

கூச்ச சுபாவக்காரர்களைப் பற்றி உலகத்துக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. வாயைத் திறக்காதவன் மனதில் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறார்கள். இருக்கும். வண்டி வண்டியாக இருக்கும். வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். என் மனதில் இருந்தது மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழி கண்டுபிடித்து, பத்தடி வெள்ளைத் துணியில், கலரில், அறுபது பேருக்கு முன்னால் வந்து நின்றது.

நான் தாம்பரம் பக்கம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் போடுகிறவன். ஏ, பி, சி, டி என்று நாலு பிளாக். பிளாக்குக்குப் பதினாறு வீடு. லாரித் தண்ணீரைத் தரைக்கடியில் இருக்கிற சம்ப்பில் இறக்குவது, சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவது, எந்த பிளாக்குக்கு எப்போது வால்வு திறப்பது எல்லாம் என் பொறுப்பு. இந்தக் கதை நடந்தபோது வேலைக்கு வந்து பதினோரு வருடம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு இதில் ஒரே ஒரு பெருமை உண்டு. தொட்டி நிரம்புவதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன். பாதித் தொட்டியில் தண்ணீர் விழுவது ஒரு சத்தம். முக்கால் தொட்டியில் வேறு சத்தம். கழுத்து வரை வந்ததும் சத்தம் அப்படியே அமுங்கிப்போகும். அந்த நேரத்தில் சுவிட்சை அணைப்பேன். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு சொட்டு வழிந்ததில்லை. (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

மோட்டார் ரூமை ஒட்டி ஓர் அறை. அதில்தான் நானும் என் மனைவி மல்லிகாவும் குடியிருக்கிறோம். அதற்கு அப்போது கதவு எண் கிடையாது. எனக்கு ஏழுமலை என்று பெயர் உண்டு என்பதே அங்கே மூன்று நான்கு பேருக்குத்தான் தெரியும். டி-4 கோதண்டராமன் சார் என்னை ‘மோட்டார்’ என்றே கூப்பிடுவார். அரசாங்க வேலையில் இருந்து ரிட்டையரானவர். தனியாக இருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் வரும். “ஏ மோட்டார், பாத்ரூம்ல தண்ணி நூல் மாதிரி வருது.” நான் “சரி சார்” என்பேன். அந்தக் குடியிருப்பில் பதினோரு வருடமாக நான் பேசியதையெல்லாம் சேர்த்தால் ‘சரி சார்’, ‘வரும் சார்’, ‘லாரி வரலை சார்’ என்பதற்கு மேல் தேறாது. மல்லிகா எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். ஆனால் அவளுக்கும் அங்கே பெயர் கிடையாது. ‘மோட்டார்காரர் சம்சாரம்’, அவ்வளவுதான்.

குடியிருப்போர் சங்க ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நோட்டீஸ் டைப் செய்யவும், கேமராவில் கேட்டைப் பார்க்கவும் வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டவர் மைதிலி. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் ஏதோ விளையாட்டு ஆடுவார். பிரசவ லீவில் போவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் மத்தியான நேரத்தில் கேமராவை நான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கூடவே, போரடித்தால் இருக்கட்டும் என்று அந்த விளையாட்டையும் புதிதாகத் திறந்து வைத்தார். ஒரு பச்சைப் புல்வெளி வந்தது. அதில் ஊர் கட்ட வேண்டுமாம். மூலையில் தொப்பி போட்ட ஒரு பொம்மை ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“யாருமா இவரு?”

“அது நீங்கதாண்ணா. மேயர்.” கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசலில் திரும்பி நின்று ஒன்று சொன்னார். “இந்த விண்டோவ மட்டும் மூடிடாதீங்கண்ணா. மூடினா போயிடும்.”

முதல் நாள் ஒரு ரோடு போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டோரம் ஒரு மனை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, நமக்கு வராது என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது ரோட்டின் கோடியில் சீட்டுக்கட்டில் பாதி அளவுக்கு ஒரு லாரி வந்தது. மனை மேல் பலகை எழும்பியது, சுவர் எழும்பியது, கூரை உட்கார்ந்தது. லாரியிலிருந்து எறும்பு போல ஓர் ஆள் இறங்கினார். பின்னாலேயே இன்னொருவர். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ஜன்னலில் மஞ்சளாக வெளிச்சம் வந்தது.

நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் நான் யாரையும் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டவன் இல்லை. கூப்பிட வாய் வராது. இங்கே நான் வாயே திறக்கவில்லை. ரோடு போட்டேன், வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஆறு மாதம் நான் தாம்பரம் பக்கத்திலேயே இல்லை என்று சொல்லலாம். அந்த ஊரில் எனக்கு இங்கிலீஷே தேவைப்படவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டு மேல் நீலச் சொட்டு ஒன்று துடிக்கும். குப்பை அள்ளாவிட்டால் மூட்டைப் படம். சந்தோஷமாக இருந்தால் பச்சை முகம், கோபம் வந்தால் சிவப்பு முகம். எனக்குத் தெரிந்த வேலை எல்லாமே அதில் இருந்தது. பம்ப்பு வைத்தேன். குழாய் இழுத்தேன். கிணறு வற்றினால் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தேன். காலையில் அந்த எறும்பு மனிதர்கள் வரிசையாக வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்பி வருவார்கள். ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரியும். யார் சொல்லிக்கொடுத்தது இவர்களுக்கு, எந்த வீடு தன் வீடு என்று? நானும் ஆறு மாதமாகப் பார்த்தேன், ஒருவர்கூட வீடு மாறிப் போகவில்லை. (எனக்கு இன்றைக்கும் பி பிளாக், சி பிளாக் மாடிப்படியில் குழப்பம் வரும்.)

வீட்டுக்கெல்லாம் பெயர் வைக்கலாம் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். எனக்குத் தெரிந்த வீடுகள் அறுபத்து நாலுதான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, ஏ-1இலிருந்து டி-16 வரை வைத்து முடிக்க நாலு நாள் ஆயிற்று. பிளாக் மாதிரியே நாலு தெருவும் போட்டேன். அப்போதுதான் எனக்குள்ளே இருந்த அந்த வண்டி வண்டியான சரக்கு வெளியே வர ஆரம்பித்தது.

சங்கச் செயலாளர் பத்மநாபன் சார் நல்ல மனிதர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இந்த அறையைக் கொடுத்தவர். அவர் வீட்டைப் பூங்காவுக்கு எதிரில் வைத்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் காதருகே ஹாரன் அடிக்கிற சி-11க்குப் பக்கத்தில் தீயணைப்பு நிலையம் வைத்தேன். ராத்திரி பகலாக வண்டி போய்க்கொண்டே இருக்கும். கோதண்டராமன் சாரின் டி-4 வாசலில், சரியாக வாசலில், ஊரின் மொத்தச் சாக்கடையும் வந்து சேருகிற கழிவுநீர் நிலையத்தை வைத்தேன். பச்சைப் புகை வரும். அவர் வீட்டு மேல் சிவப்பு முகம் வரும். நான் மனதுக்குள் ‘சரி சார்’ என்பேன்.

அதோடு நின்றிருக்கலாம். கிழக்கே ஓர் ஏரி வெட்டி, அதன் கரையில், ஊரிலேயே பெரிதாக ஒரு வீடு கட்டினேன். மாடி, தோட்டம், முன்னால் மூன்று தென்னை மரம். எங்கள் அறைக்குத்தான் எண் கிடையாதே, அதனால் நானே ஓர் எண் கொடுத்தேன். இ-1. ஊர் பெயர் எழுத ஒரு கட்டம் காலியாக இருந்தது. ரேஷன் கார்டைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் தட்டினேன்: மல்லிகா நகர். இதை மல்லிகாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

ஊரை மூடவே இல்லை. மைதிலி சொல்லியிருந்தாரே. ஆறு மாதமும் வேலை முடிந்தால் டிவி போல இருக்கிற அந்தப் பெட்டியை மட்டும் அணைத்துவிட்டுப் போவேன். உள்ளே ஊர் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் யு.பி.எஸ். காப்பாற்றும். அது ‘கீக், கீக்’ என்று கத்துகிற சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுவேன். பத்து நிமிடத்துக்குள் ஜெனரேட்டர் போட்டாக வேண்டும். பி.பி. மாத்திரையை மறந்திருக்கிறேன், இதை மறந்ததில்லை.

இந்த நேரத்தில்தான் வருடாந்திரக் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாவது தீர்மானம், மாடித் தொட்டிக்கு சென்சார் வைப்பது. தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாகவே நின்றுவிடும். பத்மநாபன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தப்பா நினைச்சுக்காத ஏழுமலை. எனக்கு இதுல இஷ்டமில்ல. ஆனா சென்சார் வந்துட்டா மோட்டாருக்குன்னு தனியா ஆள் எதுக்கு, அந்த ரூமை ஜிம் ஆக்கிடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. மெஜாரிட்டி இருந்தா நான் என்ன பண்ண முடியும்?”

நான் “சரி சார்” என்றேன்.

மல்லிகா சரி என்று சொல்லவில்லை. “இன்னாய்யா சரி? வேலையும் போவுது, வூடும் போவுது, சரியாம். மீட்டிங்ல எழுந்து நின்னு ரெண்டு வார்த்த பேசு. அவங்க இன்னா உன்ன கடிச்சா துன்னுடப் போறாங்க?”

ஒரு வாரம் மோட்டார் ரூமில் வால்வுகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். நானே யோசித்து வைத்திருந்த பேச்சு அது. ‘சார், மிஷினுக்குக் காது கிடையாது. எனக்கு இருக்கு. பதினோரு வருஷத்துல ஒரு சொட்டு வழிஞ்சதில்ல.’ அவ்வளவுதான். வால்வுகள் நன்றாகவே கேட்டுக்கொண்டன.

மார்கழி மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். பி பிளாக் கார் பார்க்கிங்கில் கார்களை எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தோம். வெளிப்பக்கம் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி கட்டியாயிற்று. புரொஜெக்டரை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். காலனியின் வருங்காலத் திட்டம் எல்லாவற்றையும் செயலாளர் திரையில் காட்டப் போகிறார் என்று ஒரு வாரமாகப் பேச்சு. அதற்கு ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவரச் சொன்னார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அணைத்துவிட்டு எடுத்து வந்திருப்பார்கள். நான் அணைத்தால் மல்லிகா நகர் என்ன ஆவது? தண்ணீர்க் கேன் தள்ளுகிற வண்டியில் கம்ப்யூட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் ஒன்றாக வைத்து, சுவரிலிருந்து வயரை மட்டும் பிடுங்கி, ‘கீக், கீக்’ என்று கத்தக் கத்த ஆபீசிலிருந்து பி பிளாக் வரை ஓடினேன். டிரிப்ஸ் ஏறுகிற நோயாளியை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளுவது மாதிரி இருந்திருக்கும். வழியில் இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். பார்க்கிங்கில் இருந்த எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகியதும் கீக் நின்றது. எனக்கு உயிர் வந்தது. பிறகு போய், ராத்திரித் தண்ணீருக்காக மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன். தொட்டி நிரம்ப ஐம்பது நிமிடம் ஆகும்.

செயலாளர் ஒரு வயரைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, பென்டிரைவை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சி பிளாக் மூன்றாவது மாடிக்குக் கிளம்பினார். லிப்ட் ரிப்பேர். போகிறபோது என்னைப் பார்த்து, புரொஜெக்டரை ஆன் பண்ணி வை என்றார். எனக்குத் தெரிந்த ஒரே பொத்தான் அது. அழுத்தினேன்.

பத்தடி வெள்ளைத் துணியில் மல்லிகா நகர் வந்தது.

நான் அதை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததே இல்லை. எறும்புகள் எல்லாம் கட்டைவிரல் அளவுக்கு வளர்ந்து நடந்துகொண்டிருந்தன. ஏரித் தண்ணீர் பளபளத்தது. அதன் அழகில் இரண்டு நிமிடம் எனக்கே ஒன்றும் உறைக்கவில்லை. முன்வரிசையில் யாரோ ‘பிளான் போட்டுட்டாங்க’ என்றபோதுதான் உறைத்தது. பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். கை அது வரை போயிற்று. பிடுங்கினால் அறுபத்து நாலு குடும்பம் போய்விடும். பிடுங்கவில்லை.

சொந்த வீடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வரைபடத்தைக் காட்டினால் முதலில் தங்கள் வீட்டைத்தான் தேடுவார்கள். தேடினார்கள். ஏ-7 விமலா டீச்சர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டே போய், தன் வீட்டு மேல் குப்பை மூட்டை ஏன் இருக்கிறது என்று கேட்டார். சி-11 தன் வீட்டுப் பக்கத்தில் சிவப்பு வண்டி நிறுத்த யார் அனுமதி கொடுத்தது என்றார். கழிவுநீர் நிலையத்தை எங்கே கட்டுவது என்பது அந்தக் குடியிருப்பில் மூன்று வருடச் சண்டை. அது டி-4 வாசலில் பச்சைப் புகை விட்டுக்கொண்டிருப்பதைக் கோதண்டராமன் சார் பார்த்தார். கைத்தடியால் துணியைத் தட்டினார்.

“இதென்னய்யா? என் வாசல்லயா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

அப்புறம்தான் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். விமலா டீச்சர் விரலை வைத்துக் காட்டினார். “நமக்கு நாலு பிளாக்தானே. இந்த இ பிளாக் எங்கேருந்து வந்தது?” மேலே எழுதியிருந்ததை யாரோ வாய்விட்டுப் படித்தார்கள். மல்லிகா நகர்.

எங்கள் பக்கத்தில் காலி இடம் ஒன்றைப் பார்த்தால் மறுவாரம் அது ஏதாவது ஒரு நகர் ஆகிவிடும். வளைவு வைத்து, கொடி நட்டு, ஏரி பார்த்த மனை என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். அதனால் அவர்களுக்கு எல்லாம் ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. குழந்தைகள் விளையாடும் இடத்தைச் செயலாளர் ரகசியமாக ஒரு பிரமோட்டருக்கு விற்றுவிட்டார். அதில் இ பிளாக் வருகிறது. முதல் பங்களா அவருக்கு. காலனி பெயரைக்கூட மாற்றியாயிற்று.

“யாருங்க இந்த மல்லிகா?” என்றார் சி-11. “மல்லிகா பிரமோட்டர்ஸா? கேள்விப்பட்டதே இல்லையே.”

டீ டிரம்மைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த மல்லிகா அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு இங்கிலீஷில் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை அவள் பெயர்தான். துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

அப்போது பத்மநாபன் சார் மூச்சு வாங்க இறங்கி வந்தார். கையில் பென்டிரைவ். ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு நாளாக நடக்கிறது இது, ராஜினாமா எழுதிக் கொடுங்கள், போலீசுக்குப் போவோம். அவர் துணியைப் பார்க்கிறார், ஜனங்களைப் பார்க்கிறார், ஒன்றும் புரியவில்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், இந்தக் குழப்பத்தில் மூன்றாவது தீர்மானம் நின்றுபோய் எனக்கு வேலை மிஞ்சலாம். அவருக்கு மானம் மிஞ்சாது.

“அது நான் சார்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. வால்வுகளிடம் பேசிய அளவுக்குத்தான் குரல் வந்தது. இன்னொரு தடவை சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. மல்லிகா கரண்டியால் டீ டிரம் மூடியில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

“அவரு பேசுறாரு. கொஞ்சம் கேளுங்க.”

அறுபது தலை என் பக்கம் திரும்பியது. பேசிப் பழகியது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“பிளான் இல்ல சார் அது. கேமு. நான்தான் ஆடுறேன். சார் மேல தப்பு இல்ல. இ-1 என் வூடு.” மூச்சு எடுத்துக்கொண்டேன். “மல்லிகா இவங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறைய பேர் சிரித்தார்கள். கோதண்டராமன் சார் மட்டும் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“என் வாசல்ல சாக்கடைய வச்சது நீயா?”

“நான்தான் சார்.”

“ஏன்?”

பொய் சொல்ல நேரம் வேண்டும். எனக்கு அந்த அளவுக்குப் பேச்சுப் பழக்கம் இல்லை. “நீங்க என்னைய மோட்டார்னு கூப்புடுவீங்க சார்” என்றேன்.

சிரிப்பு நின்றது. எல்லாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியாததால் திரையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மல்லிகா நகரில் பொழுது சாய்ந்தது.

அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வெளியே நிஜமாகவும் இருட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தத் துணியில் ஏரி முதலில் செம்பு நிறமாகி, பிறகு கறுத்தது. ரோட்டு விளக்குகள் ஒரு கோடியிலிருந்து வரிசையாக எரிந்துகொண்டே வந்தன. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஏ பிளாக்கில் ஒரு ஜன்னல் எரிந்தது. பி பிளாக்கில் நாலு. தங்கள் தங்கள் வீட்டுக்கு விளக்கு வருவதைப் பார்க்க அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீருக்கும் பார்க்கிங்குக்கும் வருடம் முழுக்கச் சண்டை போடுகிற அதே ஆட்கள்தான். “நம்முது வந்துடுச்சு” என்றார் விமலா டீச்சர், மெதுவாக.

கோதண்டராமன் சார் துணிக்குக் கிட்டே போனார். டி-4இல் மஞ்சள் வெளிச்சம்.

“ரெண்டு பேர் உள்ள போறாங்களே. யாரு அது?”

“தெரியாது சார். எல்லா வூட்டுக்கும் ரெண்டு பேரு வருவாங்க.”

“தினமுமா?”

“தினமும் சார்.”

அவர் மனைவி தவறி நாலு வருடம். நாற்காலியைத் துணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய ஆச்சரியம். நான் பேசினேன். ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். நீலச் சொட்டு ஏன் வருகிறது, மாடி வீட்டுக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது. விமலா டீச்சர் பள்ளிக்கூடம் கேட்டார், வைத்துக் கொடுத்தேன். சி-11 தீயணைப்பு வண்டியைக் கெஞ்சிக் கேட்டு நகர்த்திக்கொண்டார். என் குரலை நானே இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அதில் மயங்கிப்போய் வேறு எந்தச் சத்தமும் என் காதில் விழவில்லை.

ஏரி மேல் ஒரு துளி விழுந்தது. பிறகு இரண்டு. துணியில் ஈரம் பரவி, ஏரி நிஜமாகவே அலையடித்தது. “பாருங்களேன், மழைகூட வருது” என்றார் செயலாளர், சின்னப் பிள்ளை போல.

மல்லிகாதான் முதலில் மேலே பார்த்தாள். “யோவ்” என்றாள். “மோட்டாரு.”

பி பிளாக் தொட்டி வழிந்தால் தண்ணீர் வெளியேறும் குழாய் அந்தத் தூணுக்கு நேர் மேலே உடைந்திருந்தது. பதினோரு வருடமாக வழியாததால் உடைந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த நொடி அருவி போலக் கொட்டியது. துணி அறுந்து முன்வரிசை மேல் போர்வை மாதிரி விழுந்தது. கோதண்டராமன் சாரைத் துணிக்குள்ளிருந்து தேடி எடுத்தோம். தண்ணீர் எக்ஸ்டென்ஷன் பலகையைத் தேடி வர, யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். இருட்டில் யு.பி.எஸ். மட்டும் கீக், கீக் என்று கத்தியது. நான் மோட்டாரை அணைக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அந்தச் சத்தமும் நின்றிருந்தது.

மூன்றாவது தீர்மானத்தை எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் எடுத்தார்கள். சொட்டச் சொட்ட அறுபது கைகள் உயர்ந்தன. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். மிஷினுக்குக் காது கிடையாது என்கிற என் பேச்சை நான் பேசவில்லை. (பேசியிருந்தால் அடித்திருப்பார்கள்.)

மறுநாள் காலையில் மைதிலிக்குப் போன் செய்தேன். குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவே, ஊர் போய்விட்டதம்மா என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் பதறிவிட்டார். விஷயம் தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்.

“கேம் தானா சேவ் ஆகும்ணா. கேமரா விண்டோவத்தான் மூடாதீங்கன்னு சொன்னேன். ஆறு மாசமா அணைக்கவே இல்லையா நீங்க?”

அவர் சொன்னபடி திறந்தேன். ஏரி இருந்தது. தென்னை மரம் மூன்றும் இருந்தன. காலை நேரம், எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வெள்ளம் அடித்ததே என்று யாருக்கும் ஒரு கவலையும் இல்லை. ஆறு மாதம் யு.பி.எஸ்.ஸுக்குப் பின்னால் ஓடியதை நினைத்துச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

“இருக்கா?” என்றார் கோதண்டராமன் சார்.

“இருக்கு சார்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாக்கடையை என்ன செய்யலாம் என்று கேட்டேன். உன் இஷ்டம் என்றார். அதைத் தூக்கி இ-1 பக்கத்தில் வைத்தேன். டி-4 மேல் பச்சை முகம் வந்தது. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் சென்சார் வந்தது. கமிட்டிக் கூட்டத்தில் ஜிம் பேச்சை யாரோ எடுத்தபோது அவர்தான் எழுந்து நின்றாராம். பத்மநாபன் சார் வந்து சொன்னார். “சென்சார் மோட்டாரைத்தான் நிறுத்தும். வால்வை யார் திறப்பா? லாரியை யார் பார்ப்பா? ஏழுமலை எங்கேயும் போக வேண்டாம். அவன் போயிட்டா அந்த ஊரை யார் பாத்துக்கறது?” எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லையாம். ஜிம்முக்காக முன்கூட்டியே வாங்கிவிட்ட டிரெட்மில் டி பிளாக் வராந்தாவில் நிற்கிறது. அதில் துண்டு காயப்போடுகிறார்கள்.

மல்லிகா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஊருக்கே தன் பேரை வைத்துவிட்டுத் தன்னிடம் சொல்லவில்லை என்று கோபம். பிறகு, பேச ஆரம்பித்ததிலிருந்து இன்று வரை நிறுத்தவில்லை. பால் பொங்கி வழிந்தால் ‘மேயர் சார், தொட்டி ரொம்பிடுச்சு’ என்பாள். யார் வந்தாலும் முதலிலிருந்து சொல்வாள், கோதண்டராமன் சாரைத் துணிக்குள் தேடிய இடத்தில் எழுந்து நின்று நடித்தே காட்டுவாள். அவரும் இருந்தால் இன்னும் விஸ்தாரமாகக் காட்டுவாள்.

போன வருடம் குடியிருப்புக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எண் எழுதிக்கொண்டு வந்த பெயின்டர், எங்கள் அறைக் கதவிலும் எழுதிவிட்டுப் போனார். யார் சொல்லி எழுதினார் என்று கேட்டதற்கு, கைத்தடி வைத்திருந்த பெரியவர் என்றார். இ-1. திரையில் நான் எழுத்தெழுத்தாகத் தட்டியது, கைக்கு எட்டுகிற உயரத்தில், கறுப்பு பெயின்டில், ஈரமாக இருந்தது.

மழைக்காலத்தில் எங்கள் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அது எப்போதும் நிற்பதுதான். சென்ற ஐப்பசியில் பார்சல் கொண்டுவந்தவர் கேட்டில் நின்று போன் செய்தார். இங்கே டி வரைக்கும்தான் பிளாக் இருக்கிறது, இ-1 எங்கே என்று கேட்டார். மல்லிகா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே அவருக்கு வழி சொன்னாள்.

“நேரா உள்ள வாங்க. ஏரி ஒண்ணு வரும். அதுக்கு எதுர்ல.”